தொண்ணூற்றைந்து

தம்பி பிரம்ரனிலிருந்து சொன்னான்:
"தொண்ணூற்றைஞ்சு அடியக்கா, கார் பறக்கும்."
அவன் ஓட்டுவது வேறு கார், வேறு வீதி.
என்னுடையது எண்ணூறு சீசி அல்ரோ,
மூன்று கை மாறி வந்தது,
பின்கதவு ஒன்று வெளியிலிருந்து மட்டும் திறக்கும்.
பறக்கிற ஆசை அதற்கு இருந்ததாக
நான் ஒருநாளும் அறிந்ததில்லை.

ஆனாலும் அடித்தேன்.
மாங்குளம் பெற்றோல் செற்றில் டிலக்சன்
மற்றக் குழாயைத் தூக்கியபடி ஒருதரம் பார்த்தான்:
"லொத்தர் விழுந்ததோ?"

பழைய சீ.ஆர். கொப்பியில் நடுவே கோடு கீறினேன்.
மூன்று தாங்கி தொண்ணூற்றிரண்டு,
மூன்று தாங்கி தொண்ணூற்றைந்து.
ஒரே வீதி, ஒரே நாலு ரீச்சர்மார்,
காலை ஆறேகால்,
ஒட்டுசுட்டான் தாண்டி முள்ளியவளை வரைக்கும்.

இழுவை பார்க்க ஏற்றம் வேணும்.
வன்னியில் ஏற்றத்துக்கு எங்கே போவது?
குளக்கட்டுத்தான்.
முத்தையன்கட்டில், ஒரு ஞாயிறு, ஆளில்லாத நேரம்,
இரண்டாம் கியரில் கட்டுக்கு ஏற்றினேன்,
கைபேசியில் விநாடி ஓட.
ஒன்பது.
அடுத்த மாதம் மற்றதை நிரப்பிக்கொண்டு போனேன்.
ஒன்பது.
தண்ணீருக்குள் நின்ற பட்டமரத்தில்
நீர்க்காகம் ஒன்று இரண்டு தரமும்
சிறகு விரித்துக் காயவிட்டிருந்தது.
எழும்பவுமில்லை.

லீற்றருக்குப் பதினேழு தசம் நாலு,
லீற்றருக்குப் பதினேழு தசம் மூன்று.
அந்தத் தசம் ஒன்றும்
யானை கடக்கட்டும் என்று நின்ற காலையில்
எஞ்சினை நிறுத்தாமல் விட்டதில் போயிருக்கும்.

காருக்குள் வாசித்துக் காட்டினேன்.
"காசு கூடினால் சத்தும் கூடத்தானே வேணும்,
பால்மா மாதிரி" என்றார் யசோதினி ரீச்சர்.
முன்சீற்றில் சுகிர்தா, எங்களில் இளையவள்,
இரசாயனம் படிப்பிக்கிறவள்,
வினாத்தாள் கட்டிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:
"அது சத்தில்லை, பொறுமை.
நெருக்க நெருக்க,
பொறி வரும்வரைக்கும்
தானாய் வெடிக்காமல் இருக்கிற குணம்.
அதுக்குத்தான் அந்த நம்பர்.
உங்கட எஞ்சின் அவ்வளவு நெருக்காது அக்கா.
நெருக்காத இடத்தில பொறுமைக்கு என்ன வேலை?"

"அப்ப எங்களுக்கு எத்தினை?"
பின்னாலிருந்து பவளராணி ரீச்சர்.

சிரித்தோம்.
அவரும் சிரித்தாரா என்று கண்ணாடியில் பார்த்தேன்.
அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒரு கிலோமீற்றர் அளவுக்குத் தேக்கங்காடு போனது,
ஒருவரும் கதைக்கவில்லை.

இதே வீதியில்
பெற்றோலே இல்லாத வருசங்களும் ஓடின.
ஊசிக் குழாயால் நாலு சொட்டுக் காட்டி,
ஸ்ராட் எடுத்து,
மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள்.
எஞ்சினுக்குள் ஆரோ கதவு தட்டுவதுபோல
டொக் டொக் டொக்,
பின்னால் வெள்ளைப் புகை,
சைக்கிளில் வருகிறவர் வாயைப் பொத்துவார்.
எனக்கு ஏழு வயது.
அந்த எண்ணெய்க்கு என்ன நம்பர் என்று
ஒருவரும் கேட்டதில்லை.
போய்ச் சேர்ந்ததா என்றுதான் கேட்டார்கள்.

மூன்று தாங்கிக்குக் கூடக் கொடுத்த காசைக்
கூட்டிப் பார்க்க மனம் வரவில்லை.
கலைரூபனின் கராஜில் விட்டேன்.
அவன் எண்ணெயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை,
எயார் பில்டரைக் கழற்றி நிலத்தில் தட்டினான்.
சிவப்பாய்க் கொட்டியது, நிற்காமல் கொட்டியது.
"நெடுங்கேணிக் கிறவல் முழுக்க இதுக்குள்ள கிடக்கு.
எதை ஊத்தினாலும்
மூச்செடுக்க வேணாமோ அது?"

புதிய பில்டர், பழைய தொண்ணூற்றிரண்டு.
அடுத்த ஞாயிறு குளக்கட்டு: எட்டு.
நீர்க்காகம் இருக்கவில்லை.

இரவு தம்பி எடுத்தான்.
"என்னக்கா, பறக்குதோ?"
இல்லையடா, என்றேன்,
இருமுறதை நிப்பாட்டியிருக்கு.